ஓர் இலைச் செடியின் பசி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்குச் செடி வாங்கக் கிளம்புகிறவர்களில் பலரும் சுங்கை பூலோ பக்கம்தான் காரைத் திருப்புகிறார்கள். 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பு அங்கே இருக்கிறது. ஊரிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட மனிதர்கள் அந்த மண்ணைக் கொத்திச் செடி வளர்த்து விற்றார்கள். நோய்க்கு மருந்து வந்து வேலி தளர்ந்த பிறகும் தொழில் நின்றுவிடவில்லை, பெருகியது. இன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையிலும், கிள்ளான் தாமான் வீட்டு வாசலிலும் நிற்கிற அக்லோனிமா, மான்ஸ்டெரா, மணி பிளாண்ட் தொட்டிகளில் பல அந்த நர்சரிகளில் வேர்விட்டவை.

செடிக்குக் காசு கொடுத்ததும் அடுத்த கேள்வி வரும்: "பாஜா வேணுமா?" சிறு பிளாஸ்டிக் பைகளில் அடைத்த உர மணிகள். ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம். பச்சை இலைக்கு, நீலம் பூவுக்கும் காய்க்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம். வாங்கி வந்து கைக்கு வந்தபடி தூவுகிறோம். இரண்டு வாரத்தில் இலை நுனி கருகினால் "செடி ராசியில்லை" என்று முடித்துவிடுகிறோம். அந்தத் தொட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் புகுந்தால் கெப்போங் காடு, ரப்பர்த் தோட்டம், பிந்துலு எரிவாயு, கனடாவில் வற்றிப்போன கடல் என்று வெகுதூரம் போக வேண்டியிருக்கும். போய்ப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பை. பச்சை மணிப் பையில் 15-15-6-4 என்று போட்டிருக்கும், நீலத்தில் 12-12-17-2. முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இரண்டாவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மூன்றாவது சாம்பல் சத்தான பொட்டாசியம். நான்காவது மக்னீசியம். நூறு கிராம் உரத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு இது. ஆனால் இரண்டாவது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய வேதியியல் வழக்கப்படி பாஸ்பரஸை அதன் ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். 15 என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் 6.5 கிராம்தான். பொட்டாசியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இதே வழக்கம். பச்சையும் நீலமும் வெறும் சாயம். செடிக்கு நிறம் தெரியாது.

எண்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. உரத்தைச் செடியின் சாப்பாடு என்று நினைக்கிறோம். ஆனால் செடி தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது. ஒளியையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு. 1648இல் வெளியான ஒரு நூலில் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய நாட்டு மருத்துவரின் சோதனை பதிவாகியிருக்கிறது. காயவைத்து எடைபோட்ட 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாகிவிட்டது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்திருந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியாது. குறைந்த 2 அவுன்சை அவர் பொருட்படுத்தவும் இல்லை. உரம் என்று நாம் பேசுவதெல்லாம் அந்த 2 அவுன்சைப் பற்றித்தான்.

இத்தனை சின்ன அளவுக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒரு பச்சைய மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் அணுக்கள் 55, ஹைட்ரஜன் 72. இவை காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. நடுவில் ஒரே ஒரு மக்னீசியம் அணு. அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான்கு நைட்ரஜன் அணுக்கள். இந்த ஐந்தும் வேர் வழியாக வந்தாக வேண்டும். ஐந்தில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மூலக்கூறு உருவாகாது; இலை வெளுக்கும். கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் புரதம் ஒன்று இலைக்குள் இருக்கிறது, ரூபிஸ்கோ என்று பெயர். இலையிலுள்ள நைட்ரஜனில் கால்பங்குவரை அந்த ஒரு புரதமே வைத்துக்கொள்ளும். தழைச்சத்து போட்டால் இலை பச்சையாவது இதனால்தான்.

இந்தச் செடிகள் பிறந்த இடத்தில் யாரும் உரம் போடுவதில்லை. அக்லோனிமா நம் தீபகற்பம் உட்பட்ட தென்கிழக்காசியக் காட்டுத் தரையில் வளர்வது. மான்ஸ்டெரா மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளைச் சேர்ந்தது. மணி பிளாண்டின் தாயகம் பசிபிக் கடலின் மோரேயா தீவு. மூன்றும் நம் சேம்புக் குடும்பம்தான். மூன்றின் ஊரிலும் மழை கொட்டுகிறது, மண் கழுவப்பட்டுச் சத்திழந்து கிடக்கிறது, இருந்தும் பச்சை அப்படியொரு பச்சை.

அது எப்படி என்று நேரில் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது: கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு. 1920களில் அங்கே இருந்தது ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறிப் பாத்திகளும். அந்த நிலத்தில் மனிதர்கள் மரம் நட்டார்கள். நூறாண்டு ஆவதற்குள் அது அடர்ந்த மழைக்காடாகிவிட்டது; 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமும் ஆனது. ஈயச் சுரங்கத்தின் மணலில் காடு நிற்கிறது என்றால், சத்து மண்ணில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது என்றுதான் பொருள்.

வெப்பமண்டலத் தாழ்நிலக் காட்டில் ஓர் எக்டேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 டன் சருகு விழுகிறது. விழுந்த சருகைக் கறையானும் பூஞ்சையும் சில மாதங்களில் கரைத்துவிடுகின்றன. கரைந்து வெளிவரும் சத்தை மழை அடித்துப் போவதற்குள், மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்களும் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகளும் பிடித்துவிடுகின்றன. பிடித்தது மறுபடி இலையாகிறது. இலை மறுபடி விழுகிறது. காட்டில் கையிருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. உள்ளதெல்லாம் நடமாட்டத்தில் இருக்கிறது. ஆகவே காட்டுத் தரையில் வளரும் செடியின் வேருக்குத் துளித்துளியாக, நாள்தோறும் கிடைத்துத்தான் பழக்கம். ஒரேயடியாகக் கொட்டினால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது.

சருகு விழுவதற்கு முன் இன்னொரு காரியம் நடக்கிறது. இலை மூப்படைந்ததும் செடி அதிலிருந்த புரதங்களையும் பச்சையத்தையும் உடைத்து, நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழ பாதியைத் தண்டு வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மஞ்சளாகிற அடியிலையை நாம் அழுக்கு என்று நினைத்து உடனே கிள்ளி எறிகிறோம். அந்த நேரத்தில் அங்கே ஏற்றுமதி நடந்துகொண்டிருக்கிறது. முழுக்க வெளுத்து, தொட்டால் தானே கழன்று விழும்வரை விட்டுவிடுவதே நல்லது.

தொட்டிக்குள் இந்தச் சுழற்சி அறுந்து போகிறது. விழுந்த இலையைக் கூட்டி எடுத்துவிடுகிறோம். ஊற்றும் தண்ணீர் அடித்துளை வழியாக வெளியேறும்போது கரைந்த சத்தையும் கொண்டு போகிறது. வேர் பரவிப் போய்த் தேட இடமில்லை. உரம் போடுவதன் நியாயம் இதுதான்: காடு தானே செய்துகொண்டிருந்த வேலையை, காட்டிலிருந்து செடியைப் பிரித்துக் கொண்டுவந்த நாம் செய்து தர வேண்டியிருக்கிறது.

தொட்டியில் என்ன மண் என்பதையும் பார்க்க வேண்டும். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. துகளில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது விடுபடுகின்றன. நம் உள்நாட்டுச் செம்மண்ணில் உள்ள களிமண் பெரும்பாலும் கயோலினைட் வகை. மழையிலும் வெயிலிலும் பல்லாயிரம் ஆண்டு சிதைந்து தேறியது. ஒட்டவைக்கும் திறன் மிகக் குறைவு. கிள்ளானைத் தாண்டிக் கடலோரம் போனால் கடல் கொண்டுவந்து படியவைத்த சாம்பல்நிறக் களி. அதில் ஸ்மெக்டைட் என்ற வகை கலந்திருப்பதால் பிடிமானம் பல மடங்கு. ஆனால் அங்கிருந்து மண் அள்ளி வருவதற்கு முன் யோசிக்க வேண்டும். கடலோரக் களியின் அடியடுக்கில் பைரைட் இருக்கும். அதைக் காற்றுப்பட வெளியே எடுத்தால் கந்தக அமிலம் சுரக்கும், வேர் வெந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பேட்டையே களிமண்ணால் உண்டானது. 1881இல் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகள் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பின்னர், கட்டடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்றாயிற்று. அதற்கான சூளைகள் எரிந்த இடம் அது. களிமண்ணைச் சுட்டால் செங்கல்லுக்கு நல்லது. செடிக்கு? நம் நர்சரிகளில் விற்கிற சுட்ட மண்ணில் களையும் பூச்சி முட்டையும் இருக்காது, காற்றோட்டமும் உண்டு. ஆனால் சூட்டில் களிமண்ணின் பிடிமானம் பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால்தான் சுட்ட மண்ணோடு மக்கிய இலையோ ஆட்டுப் புழுக்கையோ கலக்கச் சொல்கிறார்கள். மட்கு அந்த ஒட்டவைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளும். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டி என்றால் இன்னொரு விஷயம். நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் ஏறியிருக்கும். கால்சியமும் மக்னீசியமும் வந்தால் அவற்றைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். பலமுறை அலசிய நார்த்தூளைத்தான் வாங்க வேண்டும். கால்சியம், மக்னீசியம் சேர்ந்த உரத்தையும் அவ்வப்போது தர வேண்டும்.

உரத்தைப் பற்றி இந்த நாட்டில் கற்றதெல்லாம் தோட்டங்களில் கற்றது. வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிற, தடித்த பளபளப்பான இலையுள்ள ரப்பர் செடி, ஃபைகஸ் எலாஸ்டிகா, ஒரு காலத்தில் தோட்டப் பயிர். மலாயாவில் ரம்போங் என்று அதை நட்டுப் பால் எடுத்தார்கள். 1877இல் பிரேசிலின் ஹேவியா கன்றுகள் சிங்கப்பூர் வழியாக வந்து வேரூன்றிய பிறகு ரம்போங் பின்தள்ளப்பட்டது. பிற்பாடு உலகமெங்கும் வீட்டுச் செடியாயிற்று. செம்பனையின் கதை நேர் எதிர்: 1870களில் அழகுக்காக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபொக்கோனியேவால் வணிகப் பயிராக நடப்பட்டது. தொட்டிக்கும் தோட்டத்துக்கும் இடையே செடிகள் இப்படி வந்து போயிருக்கின்றன.

1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஆர்.ஆர்.ஐ. என்று நம்மவர்கள் சொல்கிற அதே நிறுவனம், சுங்கை பூலோவில் பரந்த சோதனைத் தோட்டம் வைத்திருந்தது. குவாசா டாமன்சாரா என்ற புதுநகர் எழுகிற நிலம் அது. மரத்துக்கு என்ன தேவை என்று ஊகத்தில் சொல்லாமல், மரத்தையே கேட்கும் முறை ஒன்றை அங்கே வளர்த்தெடுத்தார்கள். குறிப்பிட்ட வயதுள்ள இலைகளை, குறிப்பிட்ட நிழலில் இருந்து பறித்து, காயவைத்து அரைத்து, அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எவ்வளவு என்று அளந்து, அதன்படி அந்த வயலுக்கு உரம் எழுதித் தருவது. இலைப் பகுப்பாய்வு என்று பெயர். அந்தக் கழகத்தின் மண்ணியல் பிரிவில் பல்லாண்டு பணியாற்றிய இ. புஷ்பராஜா, ரப்பர் நிலங்களின் மண்ணைப் பற்றி 1977இல் வெளியான பெருநூலின் ஆசிரியர்களில் ஒருவர். தோட்டத்துத் தமிழர்கள் முதுகில் மூட்டை சுமந்த அதே காலத்தில், அந்த மூட்டைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று கணக்கிட்டவர்களிலும் இப்படிப்பட்ட பெயர்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

பாஜா போடும் வேலையைத் தோட்டங்களில் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். வாளியிலோ கூடையிலோ உரத்தை இடுப்பில் தாங்கி, அளந்த கிண்ணத்தால் மரத்தைச் சுற்றி வட்டமாகத் தூவிக்கொண்டு போவார்கள். அடிமரத்தில் குவிக்கக் கூடாது, உறிஞ்சும் வேர் வெளிவட்டத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். வீட்டுத் தொட்டிக்கும் இதே விதிதான். தண்டை ஒட்டிக் கொட்டாமல் தொட்டியின் விளிம்போரமாகத் தூவ வேண்டும். உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் என்றால், இதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பையிலும் அச்சிடாத விவரம் கிடைக்கும்.

ஆய்வுக்கூடம் இல்லாமலே இலையைப் படிக்கவும் தோட்டம் கற்றுத் தந்திருக்கிறது. குறை அடியிலையில் தெரிகிறதா, கொழுந்தில் தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். ஆகவே அடியிலை முழுதும் சீராக வெளுத்தால் நைட்ரஜன் குறை. அடியிலையில் நரம்பு பச்சையாகவே இருக்க நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அடியிலையின் ஓரம் தீய்ந்தால் பொட்டாசியமாக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் கீழ் மட்டைகள் ஆரஞ்சு நிறமாவதைப் பார்த்தவர்கள் மக்னீசியப் பசியைப் பார்த்தவர்கள். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது. அவற்றின் குறை கொழுந்தில்தான் தெரியும்: கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு, கொழுந்து சுருங்கிக் கோணலாக விரிந்தால் கால்சியம். இந்த ஒரு பாடம் தெரிந்தால் பாதி உரத்தை வாங்காமலே இருக்கலாம்.

அந்த மணிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் செடியால் தொட முடியாது. அவரைக் குடும்பத்துச் செடிகள் வேர்முடிச்சில் பாக்டீரியாவைக் குடிவைத்து அந்தப் பிணைப்பை உடைக்கின்றன. ரப்பர் வரிசைகளுக்கு நடுவே கலோபோகோனியம், பியூராரியா கொடிகளைப் படரவிட்டது அதற்காகத்தான். எக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் நைட்ரஜனை அவை மண்ணுக்குச் சேர்த்தன. தொழிற்சாலையில் அதே வேலையைச் செய்யும் வழியை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் காட்டினார். கடும் அழுத்தமும் சூடும், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜனும் அதற்கு வேண்டும். சரவாக்கின் பிந்துலுவில் 1985 முதல் யூரியா தயாராவது இந்த வழியில்தான். பாஸ்பரஸுக்கு வேறு ஊர். நம் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தூவிய பாறைத்தூள், இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்தது; கடற்பறவைகளின் எச்சம் பவளப் பாறையோடு சேர்ந்து உருவானது என்று கருதப்படுவது. பொட்டாசியம் முழுக்க இறக்குமதி. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பைச் சுரங்கம் வெட்டி எடுத்துக் கப்பலேற்றுகிறார்கள். மனிதர் வருவதற்கு வெகுகாலம் முன், டைனோசர்களுக்கும் முன் காய்ந்த கடல், போர்ட் கிள்ளானில் இறங்கி, உங்கள் மணி பிளாண்டின் இலைத்துளைகளைத் திறந்து மூடும் வேலையைப் பார்க்கிறது.

இத்தனை தூரம் வந்த பொருளைத்தான் நாம் வீணாக்குகிறோம். செடியையும் அதனாலேயே கொல்கிறோம். உர மணி கரைந்தால் உப்பு. வேர் செல்லுக்குள் இருக்கும் கரைசலைவிட மண்ணிலுள்ள நீர் செறிவு குறைவாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகும். செறிவு மீறினால் தண்ணீர் வேரைவிட்டு வெளியே வரும். ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் பிசறி வைத்தால் சற்று நேரத்தில் நீர்விட்டுத் துவளுமே, அதேதான் வேருக்கும் நடக்கிறது. ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நுனி பழுத்துக் கருகும். தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது சேர்ந்துபோன உப்பு. அப்போது மேலும் உரம் போடக் கூடாது. குளியலறைக்கு எடுத்துப் போய், தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட வேண்டும். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அலசிய உப்பை மண் மறுபடி உறிஞ்சும்.

எவ்வளவு போட வேண்டும் என்பதை முடிவு செய்வது வெளிச்சம். மழைக்காட்டின் தரைக்கு வந்து சேர்வது மேலே விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. அதை வைத்துக்கொண்டு வாழ இந்தச் செடிகள் என்னென்னவோ செய்கின்றன. நம் மலைக்காடுகளில் வளரும் மயில் பெகோனியாவின் இலை நீலமாக மின்னும். அதன் பசுங்கணிகங்களுக்குள் உள்ள அடுக்குகள் அத்தனை ஒழுங்காக அமைந்து, நீல ஒளியைத் திருப்பிவிட்டு, நிழலில் அதிகம் கிடைக்கும் பச்சை, சிவப்பு ஒளியைக் கூடுதலாகப் பிடிக்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதை விளக்கியபோது, ஒளிச்சேர்க்கைத் திறன் 5 முதல் 10 சதவீதம் கூடுவதாகக் கணித்தார்கள். அந்தச் சின்ன ஆதாயத்துக்காக ஒரு செடி தன் உள்கட்டமைப்பையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

அடுக்குமாடி வீட்டில் சன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளிவிட்டால் கிடைப்பதும் பெரும்பாலும் நூற்றில் ஒன்று இரண்டுதான். அங்கே நிற்கும் செடி மெதுவாகச் சமைக்கிறது, மெதுவாக வளர்கிறது, மெதுவாகவே சத்தைக் கேட்கிறது. வெளிச்சமில்லாத மூலையில் வாடும் செடிக்கு உரம் போடுவதைப்போல் பயனற்ற இரக்கம் வேறில்லை. சன்னல் பக்கம் நகர்த்துவதே மருந்து. கோலாலம்பூர் சாலையோர மரங்களில் ஏறிய மணி பிளாண்டை அண்ணாந்து பாருங்கள். முழங்கை நீளத்துக்கு இலைகள், சிலவற்றில் கிழிசலும் இருக்கும். வீட்டுப் புட்டியில் உள்ளங்கையளவு இலை விடும் அதே செடிதான். பிடித்து ஏற மரமும் மேலே வெளிச்சமும் கிடைத்ததால் அப்படி வளர்ந்திருக்கிறது. யாரும் அதற்கு நீல மணி தூவவில்லை.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அபோப்கா ஆய்வு மையத்தில் சார்ல்ஸ் கோனோவரும் ரிச்சர்ட் பூலும் வீட்டு இலைச் செடிகளை வைத்துப் பல்லாண்டு சோதித்துச் சொன்ன விகிதம் 3-1-2: தழைச்சத்து மூன்று பங்கு, மணிச்சத்து ஒன்று, சாம்பல் சத்து இரண்டு. நம் பச்சை மணியில் தழையும் மணியும் சரிக்குச் சரி. நம் அமிலச் செம்மண்ணுக்கு அது பொருந்தும். அந்த மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பூட்டி வைத்துக்கொள்வதால் கூடுதலாகப் போட்டால்தான் வேருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரும். நார்த்தூள் நிரப்பிய தொட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அங்கே மிஞ்சும் பாஸ்பரஸ் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைப்பதைக் கெடுக்கும். ஆகவே வீட்டுக்குள் வைக்கும் இலைச் செடிக்கு 3-1-2க்கு நெருக்கமான கரையும் உரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் உள்ள குறிப்புகளை அப்படியே பின்பற்றக் கூடாது. "வசந்தத்திலும் கோடையிலும் மட்டும் உரமிடுக, குளிர்காலத்தில் நிறுத்துக" என்று எழுதியிருக்கும். நமக்கு ஏது குளிர்காலம்? பகல் நேரம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி, வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவு. இங்கே செடி நிற்காமல் வளர்கிறது. நிறுத்தாமல், ஆனால் குறைவாகத் தர வேண்டும். நிறுத்த வேண்டிய காலம் நமக்கென்று ஒன்று உண்டு: புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கும், 2015இல் வாரக்கணக்கிலும் வானம் மூடிக்கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வெளிச்சம் குறைந்து, இலை மேல் தூசும் படிகிறது. ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிட்டு உரத்தை ஒத்திப்போடுவதே சரி. பிசின் பூசிய மெதுவாய்க் கரையும் மணிகளிலும் ஏமாறாதீர்கள். மூன்று நான்கு மாதம் வரும் என்று போட்டிருப்பது பொதுவாக 21 பாகை வெப்பத்துக்கான கணக்கு. பூச்சு வழியே சத்து கசியும் வேகத்தை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. நம் 28, 30 பாகையில் அது முன்னதாகவே தீர்ந்துவிடும். தொடக்கத்தில் கூடுதலாகவும் கசியும். பாதியளவு போடுங்கள்.

அடுக்களைப் பொருள்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரில் பொட்டாசியம் உண்மையாகவே இறங்கும்; அது எந்த மூலக்கூறிலும் கட்டுப்படாமல் செல்நீரில் கரைந்தே இருப்பதால் எளிதில் வெளிவரும். நைட்ரஜன் வராது. முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு, மாவாக அரைத்தால் மெல்லக் கரையும், துண்டாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் துண்டாகவே கிடக்கும். அரிசி கழுவிய தண்ணீரில் சத்து கொஞ்சம், மாவுச்சத்து அதிகம். வெளியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம். வீட்டுக்குள் ஊற்றினால் புளித்து, சின்னஞ்சிறு கொசு மொய்க்கும். தேயிலைச் சக்கையும் ஆட்டுப் புழுக்கையும் நல்லவை, மக்கிய பிறகு.

வாங்கி வந்த புதுச் செடிக்கு ஒரு மாதமாவது எதுவும் போடாதீர்கள். நர்சரி வெளிச்சத்திலிருந்து வீட்டு நிழலுக்கு இலையை மாற்றியமைக்கவே அதற்குப் பொழுது சரியாயிருக்கும், நர்சரியில் போட்ட உரமும் மண்ணில் மிச்சமிருக்கும். அதன் பிறகு கரையும் உரம் என்றால் பெட்டியில் சொன்ன அளவில் கால்பங்கை, ஈரமண்ணில், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். பச்சை மணி என்றால் எட்டங்குலத் தொட்டிக்குக் கால் தேக்கரண்டி, மாதம் ஒருமுறை, விளிம்போரமாக. இருண்ட அறையென்றால் அதிலும் பாதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நன்றாக அலசிவிடுங்கள். பிறகு புதிதாக விரியும் இலையை முந்தைய இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவிலும் நிறத்திலும் அது குறையாமல் இருந்தால், போடுவது போதும், கூட்ட வேண்டாம்.